பின்னிரவு மூன்று மணிக்கு எந்தப் படம்?

விடிய விடிய நடக்கும் திரைப்பட மாரத்தானில் என்னென்ன படங்கள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டிலும், எந்தப் படம் எத்தனை மணிக்குக் காட்டப்படுகிறது என்பதே பெரிது என்று நினைக்கிறேன். ஒரே ஆள் ஒரே படத்தை இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவையும் பின்னிரவு நான்கு மணிக்கு ஒரு தடவையும் பார்த்தால், அவர் இரண்டு வெவ்வேறு படங்களைப் பார்த்ததாகவே கொள்ள வேண்டும். அண்மையில் நண்பர்கள் மூவருடன் அப்படியொரு இரவை அறிவியல் புனைகதைப் படங்களோடு கழித்தேன். இரவு ஒன்பது மணிக்கு அரங்கினுள் நுழைந்த நாங்கள், ஏறத்தாழப் பத்தரை மணி நேரம் கழித்து, காலை வெயிலுக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தோம். அந்த இரவின் படப்பட்டியலை யார் தயாரித்தார் என்பது தெரியவில்லை; ஆனால் அவர் சினிமாவைப் பற்றி யோசித்த அளவுக்கு உறக்கத்தைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

பட்டியலில் ஏழு படங்கள் இருந்தன. ஜார்ஜ் மெலியெஸ் 1902-இல் எடுத்த 'நிலவுக்கு ஒரு பயணம்' என்னும் குறும்படம் முதலில் வந்தது. அடுத்து 'ஃபர்பிடன் பிளானட்' (1956), ஜப்பானில் எடுக்கப்பட்ட முதல் 'காட்ஜில்லா' (1954), நள்ளிரவைத் தாண்டியதும் 'ஏலியன்' (1979), பின்னிரவு மூன்று மணியளவில் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968), விடியும் நேரத்தில் 'லா ஜெத்தே' (1962), கடைசியாக 'டார்க் ஸ்டார்' (1974). படங்கள் ஆண்டு வரிசையில் இல்லை என்பதைக் கண்டதுமே எங்களில் இயற்பியல் ஆசிரியராக இருக்கும் நண்பர் குறைபட்டுக்கொண்டார். முன்னால் வந்த படம் பின்னால் வந்த படத்துக்கு என்ன கொடுத்தது என்பதை வரிசையாகப் பார்த்தால்தானே விளங்கும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் சொன்ன வரிசைப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள்: 'ஏலியன்' காலை ஐந்தரை மணிவாக்கில் வரும். அந்த நேரத்தில் அந்தப் படத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

இத்தகைய இரவுகள் புதியவை அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 1976-இல் தொடங்கிய அறிவியல் புனைகதைத் திரைப்பட மாரத்தான் ஒரே மூச்சில் 24 மணி நேரம் ஓடுவது. பல பத்தாண்டுகளாக அது தொடர்ந்து நடந்துவருகிறது. அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பவர்களோடு ஒப்பிட்டால் நாங்கள் கற்றுக்குட்டிகள்தாம். ஆனாலும் 24 மணி நேர மாரத்தானுக்கும் ஓர் இரவு மாரத்தானுக்கும் சிக்கல் ஒன்றே: மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிக் கடப்பது?

இதில் எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர், மருத்துவமனையில் செவிலியராக இரவுப் பணி பார்த்துப் பழகிய தோழி. உடலின் வெப்பநிலை இரவில் மெல்ல மெல்ல இறங்கி, பெரும்பாலானோருக்கு விடியற்காலை நான்கு அல்லது ஐந்து மணிவாக்கில் மிகக் கீழே போகும் என்றும், விழிப்பும் கவனமும் அந்த இறக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் என்றும் அவர் விளக்கினார். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் ஏற்பிகளில் போய் அமர்ந்ததும் நமக்குத் தூக்கம் தூக்கமாக வருகிறது. காபியில் உள்ள காஃபீன் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த அடினோசினை அது அகற்றுவதில்லை. குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால், ஆரம்பத்திலேயே கோப்பை கோப்பையாகக் குடித்துத் தீர்க்காமல், நள்ளிரவுக்குப் பிறகு சிறிது சிறிதாகக் குடிப்பதே பயன் தரும் என்பது அவர் அனுபவம். அன்று பிற்பகலிலேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு வரும்படி எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆசிரியர் மட்டும் அதைச் செய்யவில்லை என்பது பின்னால் தெரியவந்தது.

முதல் படமான மெலியெஸின் குறும்படத்தை ஒரு வரவேற்பாகத்தான் வைத்திருந்தார்கள். ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தப் படம் ஓடும்போது பாதிப் பேர் இருக்கை தேடிக்கொண்டிருந்தார்கள். நிலவின் கண்ணில் ராக்கெட் வந்து குத்தி நிற்கும் அந்தக் காட்சியைப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட எங்கேனும் பார்த்திருப்பார்கள். மெலியெஸ் மேடையில் மாயவித்தை காட்டியவர். கேமராவை நிறுத்தி, ஆளை அகற்றி, மறுபடி ஓட்டினால் ஆள் மறைந்துபோவார் என்பதே அவருடைய மூலதனம். சட்டம் (ஃப்ரேம்) சட்டமாகக் கையால் வண்ணம் தீட்டிய பிரதி ஒன்று 1993-இல் பார்சிலோனாவில் கிடைத்து, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2011-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. எங்களுக்குக் காட்டியதும் அந்த வண்ணப் பிரதியின் மறுசீரமைப்புதான். நிலவில் வாழும் உயிர்கள் குடையால் ஓர் அடி வாங்கியதும் புகையாகிப் போகும்போதெல்லாம் அரங்கில் எழுந்த சிரிப்பில், அறிமுகமில்லாத ஐம்பது அறுபது பேர் ஒரு கூட்டமாக மாறினோம். ஓர் இரவு முழுவதும் சேர்ந்து இருக்கப்போகிறவர்களுக்கு அது மிகவும் தேவை.

'ஃபர்பிடன் பிளானட்' எங்கள் ஒலிப்பதிவு நண்பருக்காகவே வைத்த படம்போல இருந்தது. திரைப்படத்துக்கு ஒலி சேர்ப்பதே அவருடைய தொழில். முழுக்க முழுக்க மின்னணு ஒலிகளாலேயே இசை அமைக்கப்பட்ட முதல் முழுநீள வணிகப் படம் இது என்று சொல்லப்படுகிறது. அதைச் செய்தவர்கள் லூயி பாரன், பெபே பாரன் என்னும் தம்பதியர். சின்தசைசர் கடையில் விற்கும் பொருளாவதற்கு முன்னால், கணிதவியலாளர் நார்பர்ட் வீனரின் சைபர்னெட்டிக்ஸ் கருத்துகளால் (இயந்திரங்களும் உயிர்களும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் துறை அது) தூண்டப்பட்டு, வெற்றிடக் குழாய்களைக் கொண்டு தாங்களே மின்சுற்றுகளைக் கட்டி, அவற்றைத் தாங்கும் அளவுக்கு மேல் இயக்கி, அவை கருகிப்போகும்வரை எழுப்பும் ஓசைகளை நாடாவில் பதிவு செய்தார்கள். ஒரு சுற்று கருகிவிட்டால் அதே ஒலியை மறுபடி உண்டாக்க முடியாது. பதிவான நாடாதான் மிச்சம். இதை இசை என்று அழைத்தால் இசைக்கலைஞர் சங்கத்தோடு தகராறு வரும் என்பதால், படத்தின் பெயர்ப் பட்டியலில் 'மின்னணு ஒலிநயங்கள்' என்று பொருள்படும்படி போட்டுவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத விலங்கு விண்கப்பலை நெருங்கும் காட்சியில் மணலில் காலடித் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிகின்றன. அப்போது கேட்கும் அந்த இரைச்சல் விலங்கின் குரலா, பின்னணி இசையா, அந்தக் கோளின் காற்றா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஒலிப்பதிவு நண்பர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். அவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டியபோது, ஒரு விரலை உயர்த்தி என்னை அமைதியாக இருக்கச் சொன்னார். படத்தின் கதையும் உரையாடலும் இன்றைக்குச் சற்று அசட்டுத்தனமாகத்தான் தோன்றும். படத்தின் ஒரே பெண் பாத்திரத்தைச் சுற்றி ஆண்கள் அடிக்கும் கூத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் மணி பத்தேகால்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் எதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

'காட்ஜில்லா' பதினொரு மணிக்கு மேல் தொடங்கியது. வசனங்களைத் திரையின் அடியில் படித்துத்தான் பின்தொடர வேண்டும் என்பதால், அதை நள்ளிரவுக்கு முன்னால் வைத்தது சரியான முடிவு. எழுத்தைப் படிக்கும் திறன்தான் உறக்கத்தின் முன் முதலில் சரணடைகிறது; ஒரே வரியை மூன்று முறை படித்தும் பொருள் ஏறாத நிலையை இரவில் கண்விழித்துப் படித்த எவரும் அறிவர்.

பின்னாளில் வந்த காட்ஜில்லா படங்களின் நினைப்போடு இதைப் பார்க்க வருபவர்கள் திகைத்துப்போவார்கள். இயக்குநர் இஷிரோ ஹோண்டா எடுத்தது கேளிக்கைப் படமல்ல, துக்கப் படம். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, கதிரியக்கச் சாம்பல் 23 பேர் இருந்த ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றின்மேல் பொழிந்தது. அவர்களில் வானொலிக் கருவியை இயக்கியவர் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பரில் வெளியான இந்தப் படம், கடலில் ஒரு பேரொளி தோன்றி ஒரு கப்பல் எரிந்து மூழ்குவதோடு தொடங்குகிறது. அன்றைய ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. எரியும் நகரின் நடுவே ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பா இருக்கும் இடத்துக்குப் போய்விடுவோம் என்று சொல்லும் இடத்தில், மெலியெஸ் படத்துக்குச் சிரித்த அதே கூட்டம் மூச்சுக்காட்டாமல் இருந்தது.

அந்த விலங்கின் உறுமல் எப்படி உருவானது என்பதை இடைவேளையில் ஒலிப்பதிவு நண்பர் கையை வைத்தே செய்துகாட்டினார். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியின் தளர்த்திய தந்தியை நீளவாக்கில் உருவி, அந்த ஒலியை வேகம் குறைத்து ஓடவிட்டார். விலங்குகளின் குரல்களைப் பதிவு செய்து பார்த்தும் எதுவும் ஒத்துவராத பிறகே இந்த வழிக்கு வந்தார்கள். கனத்த ரப்பர் உடைக்குள் ஓர் ஆள் நடந்ததை சிறப்புக் காட்சிகளை உருவாக்கிய எய்ஜி சுபுராயாவின் குழு வழக்கத்தைவிட அதிக வேகத்தில் படம்பிடித்தது. அதை இயல்பான வேகத்தில் ஓட்டும்போது, ஒவ்வொரு காலடியும் நிதானமாக இறங்கி, உருவம் மலையளவு பெரிதாகிறது. நீர் மட்டும் ஏமாற்ற மறுக்கிறது. சிறு தொட்டியில் எழும் அலையின் துளிகள் எந்த வேகத்தில் எடுத்தாலும் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியவே செய்கின்றன என்று ஆசிரியர் சுட்டிக்காட்டினார். அளவைச் சுருக்கினாலும் நீரின் பரப்பு இழுவிசை சுருங்குவதில்லையே!

இடைவேளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு படம் முடிந்ததும் விளக்குகளை முழு வெளிச்சத்தில் போட்டார்கள். பலர் முணுமுணுத்தார்கள், நானும் முணுமுணுத்தேன். செவிலியர் தோழி மட்டும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். பளிச்சென்ற வெளிச்சம், தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பை அடக்கும் என்பதால், இரவுப் பணி அறைகளில் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூட்டி வைப்பதுண்டாம். அவர் எங்களை ஒவ்வொரு இடைவேளையிலும் எழுப்பி, படிக்கட்டில் ஏறி இறங்க வைத்தார். உட்கார்ந்தே இருந்தால் கால்கள் வீங்கும் என்பது காரணம். அவர் சொன்னபடி செய்யாத முன்வரிசை இளைஞர்கள் சிலர் விடியும்போது காலணிக்குள் பாதம் நுழையாமல் திண்டாடியதைக் கண்ணால் பார்த்தேன்.

'ஏலியன்' ஒரு மணிக்குத் தொடங்கியது. அதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. உடல் களைத்திருக்கிறது, ஆனால் விழிப்பு இன்னும் கைவிடவில்லை. சற்றே தளர்ந்த நரம்புகளுக்கு ஒவ்வொரு ஒலியும் பெரிதாகக் கேட்கிறது. படம் அவசரமே படுவதில்லை. வெறிச்சோடிய இடைவழிகளில் கேமரா ஊர்கிறது. உறக்கப் பெட்டிகள் திறக்கின்றன. ஏழு பேர் எழுந்து காபி குடித்தபடி சம்பளத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஒரு மணி நேரப் பொறுமைதான் பிறகு அந்நிய விலங்கு ஒருவரின் மார்பைப் பிளந்துகொண்டு வரும் காட்சியை அத்தனை கொடூரமாக்குகிறது. அந்தக் காட்சியில் என்ன நடக்கப்போகிறது என்பது நடிகர்களுக்கு ஓரளவுக்குத்தான் சொல்லப்பட்டிருந்தது. இரத்தம் எவ்வளவு பீறிடும், எந்தப் பக்கம் பீறிடும் என்பது சொல்லப்படவில்லை. முகத்தில் இரத்தம் தெறித்து வெரோனிகா கார்ட்ரைட் அலறுவது நடிப்பு மட்டுமல்ல. எங்கள் வரிசையில் அந்தக் காட்சியை ஏற்கெனவே பலமுறை பார்த்தவர்கள் நாங்கள் நால்வரும், நால்வரும் துள்ளினோம்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் இம்முறை தேடிப் பார்த்தேன். கோளில் கைவிடப்பட்டுக் கிடக்கும் அந்நியக் கப்பலுக்குள் விண்வெளி உடையில் மூவர் நடக்கும் காட்சியில், பின்னணி அரங்கம் இன்னும் பிரம்மாண்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இயக்குநர் ரிட்லி ஸ்காட் சில ஷாட்டுகளில் பெரியவர்களுக்குப் பதிலாகச் சிறுவர்களை, தம் சொந்தப் பிள்ளைகள் உட்பட, அளவு குறைத்துத் தைத்த உடைகளில் நடக்க வைத்தார். தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நடையில் ஒரு குழந்தைத்தனமான தத்தளிப்பு தெரிகிறது. அரங்கில் நூற்றுக்கு ஒருவரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். விலங்காக நடித்த பொலாஜி படேஜோ ஏறக்குறைய ஏழு அடி உயரமுள்ள நைஜீரியர். மெல்லிய நீண்ட கைகால்களுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். திரையில் அது வரும் நேரம் மொத்தத்தில் சில நிமிடங்களே. அந்த உருவத்தை இருட்டில் வைத்துவிட்டு, அது இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை மட்டும் வெளிச்சத்தில் விட்டார்கள். பின்னிரவுப் பார்வையாளரின் தளர்ந்த மூளை மிச்ச வேலையைத் தானே செய்துகொண்டது.

மூன்று மணி ஆயிற்று. எங்கள் விவாதத்தின் மையமே இந்த இடம்தான்.

இந்த நேரத்தில் விறுவிறுப்பான படம் ஒன்றைப் போட்டு எல்லாரையும் எழுப்பிவிடலாம் என்பதே பொதுவான யோசனை. நான் கலந்துகொண்ட வேறு சில இரவுகளில் அப்படித்தான் செய்தார்கள். வெடிச்சத்தத்தின் நடுவிலேயே பாதி அரங்கம் குறட்டை விட்டது. உறங்கத் துடிக்கும் உடலோடு சண்டை போட்டால் உடல்தான் வெல்லும். அன்றைய பட்டியல் அதற்கு நேர்மாறான வழியில் போனது. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' முதல் இருபத்தைந்து நிமிடங்களுக்கு ஒரு சொல்லும் பேசாத படம். கடைசி இருபது நிமிடங்களுக்கு மேலும் அப்படியே. நடுவில் பேசப்படும் வசனங்களும் பெரும்பாலும் வெறும் உபசாரம். கதையை இழை இழையாகப் பின்தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. பத்து நிமிடம் கண் அயர்ந்து மறுபடி விழித்தாலும், விண்கலம் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

அதே மெதுவான நடை கொண்ட தார்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று இடைவேளையில் பேசிக்கொண்டோம். பொருந்தாது என்பது என் முடிவு. டோக்கியோவின் நெடுஞ்சாலைகளிலும் சுரங்கப்பாதைகளிலும் கார் நிமிடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தக் காட்சி ஒன்று போதும், அரங்கத்தையே சாய்த்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்தப் படம் மனிதர்களின் பேச்சில் நிற்கிறது. குற்றவுணர்வைப் பற்றியும் நினைவைப் பற்றியும் அவர்கள் பேசுவதில் ஒரு வரியைத் தவறவிட்டால் அடுத்த காட்சி புரியாது. மாலை ஏழு மணிக்கு, தெளிந்த மனத்தோடு பார்க்க வேண்டிய படம் அது.

மைய விலக்குச் சக்கரத்தினுள் விண்வெளி வீரர் குத்துச்சண்டைப் பயிற்சி செய்தபடி வட்டமாக ஓடும் காட்சி வந்தபோது ஆசிரியரின் தலை சாய்ந்துவிட்டது. அந்தச் சக்கரத்தை 38 அடி விட்டத்தில் உண்மையாகவே கட்டிச் சுழலவிட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்வதற்காகவே காத்திருந்தவர் அவர். அது திரையில் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. நான் எழுப்பப் போனேன். “விடு, எழுப்பாத. இருபது நிமிஷம் தூங்கட்டும். அதுக்கு மேல போனா நானே எழுப்பிடுறேன்” என்று தோழி தடுத்தார். அதற்கு மேல் தூங்கவிட்டால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய்விடுவார், எழுப்பினாலும் அரை மணி நேரம் மந்தமாகவே இருப்பார் என்பது அவர் கணக்கு. சொன்னபடி எழுப்பினார். ஆசிரியர் விழித்தபோது திரையில் விண்வெளி உடைக்குள் ஒருவர் மூச்சு விடும் ஓசை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. அது திரையிலிருந்து வருகிறதா, தன் மூச்சுதானா என்று அவருக்குச் சில நொடிகள் புரியவில்லையாம். அந்த இரவிலேயே தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த காட்சி அதுதான் என்று பிறகு அவர் சாதித்தார்.

அவர் சொன்னது வெறும் சமாளிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. உறக்கமின்மை முற்றும்போது நுண்ணுறக்கம் என்னும் சில நொடி நேரத் தூக்கங்கள் நம்மையறியாமல் வந்து போகின்றன. கண் திறந்திருக்கும்போதே மூளை கடையை மூடிவிடுகிறது. படத்தின் அடுத்தடுத்த காட்சிகளுக்கிடையே நம் மூளை தானாகவே வெட்டுகளைப் போடுகிறது. பெரும்பாலான படங்களை இது பாழாக்கும். ஆனால் ஓர் எலும்பை வானில் எறிந்துவிட்டு, அது கீழே விழுவதற்குள் பல இலட்சம் ஆண்டுகளைத் தாண்டிச் செயற்கைக்கோளுக்குப் போகும் படத்தில் இன்னும் சில வெட்டுகள் கூடினால் என்ன கெட்டுவிடும்? படத்தின் சிறப்புக் காட்சிகளில் பணியாற்றிய டக்ளஸ் ட்ரம்புல், குறுகிய பிளவு ஒன்றின் வழியாக ஒளிரும் ஓவியங்களை நெடுநேரம் சட்டம் சட்டமாகப் பதிவு செய்து உருவாக்கிய அந்த வண்ணப் பாய்ச்சல் திரையில் வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. 1968-இல் இளைஞர்கள் முன்வரிசையில் படுத்துக்கொண்டு பார்த்தது இதைத்தான். எங்கள் உடல்வெப்பமும் அப்போது அதலபாதாளத்தில் இருந்தது. நால்வரும் வாயைத் திறந்தபடி விழித்திருந்தோம்.

ஹால் கணினியின் நினைவுத் தகடுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும்போது அது 'டெய்சி பெல்' என்னும் பழைய பாட்டைக் குரல் தடித்துக்கொண்டே போகப் பாடுவதற்கும் ஒரு பின்கதை உண்டு. 1961-இல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் கணினி ஒன்றைக்கொண்டு அதே பாட்டைப் பாட வைத்தார்கள். குப்ரிக்கோடு சேர்ந்து '2001'-இன் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அங்கே போயிருந்தபோது அதைக் கேட்டிருந்தார். கணினி முதலில் கற்ற பாட்டு அது கடைசியாக மறக்கும் பாட்டாகவும் ஆகிறது. ஒலிப்பதிவு நண்பர் இதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலும் தடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' 28 நிமிடம்தான். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. மூன்றாம் உலகப் போருக்குப் பின் பாரிஸின் அடியில் வாழும் ஒருவன், தன் நினைவில் பதிந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பற்றிக்கொண்டு காலத்தினூடே அனுப்பப்படுகிறான். பிரெஞ்சு விவரிப்புக்குப் பதிலாக ஆங்கில விவரிப்பு உள்ள பிரதியைத் திரையிட்டதற்காக அந்த அமைப்பாளரைப் பாராட்ட வேண்டும். அந்த வேளையில் எழுத்தைப் படிக்கச் சொன்னால் யாராலும் முடிந்திருக்காது. படத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் உண்மையில் அசைகிறது: படுக்கையில் கிடக்கும் அந்தப் பெண் கண்களைத் திறந்து இமைக்கிறாள். சில நொடிகள்தான். அத்தனை நேரம் அசைவற்ற படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏதோ கூடாதது நடந்துவிட்டதைப்போல இருக்கிறது. ஒன்பது மணி நேரமாகக் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் போராடியவர்களுக்கு அந்தக் காட்சியைக் காட்டியது குசும்பா கருணையா என்று தெரியவில்லை. நான் அதைத் தவறவிடவில்லை. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்தவர் சரியாக அந்த நொடியில் இமைத்துவிட்டு, “ஏன் எல்லாரும் ஆன்னு சொன்னீங்க?” என்று கேட்டார்.

கடைசிப் படம் 'டார்க் ஸ்டார்'. ஜான் கார்பென்டர் மாணவராக இருந்தபோது தொடங்கி, மிகக் குறைந்த செலவில் முடித்த படம். அலுப்பில் ஊறிப்போன நான்கு பேர் விண்கலத்தில் சுற்றிக்கொண்டு, நிலையற்ற கோள்களைக் குண்டு வைத்துத் தகர்க்கிறார்கள். குண்டுகளுக்குப் பேசவும் யோசிக்கவும் தெரியும். '2001'-இன் கம்பீரத்தை ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னர்தான் வாய்பிளந்து பார்த்தவர்களுக்கு, அதைக் கேலி செய்யும் இந்தப் படம் ஒவ்வொரு காட்சியிலும் சிரிப்பை மூட்டியது. அதில் வரும் வேற்றுக்கிரக விலங்கு, அடியில் நகங்கள் ஒட்டிய ஒரு கடற்கரைப் பந்து. ஒளித்து மறைக்கும் எண்ணமே இல்லாமல், பந்து என்று தெரியும்படியே வருகிறது. அதைத் துரத்திக்கொண்டு மின்தூக்கிக் குழிக்குள் தொங்கி அவதிப்படும் பாத்திரத்தில் நடித்த டான் ஓ'பானன், கார்பென்டரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர், படத்தொகுப்பும் அவரே. விண்கலத்துக்குள் ஒரு விலங்கைத் துரத்தும் அதே கதையைச் சிரிப்புக்குப் பதிலாகத் திகிலாக மாற்றினால் என்ன என்று அவர் யோசித்ததன் விளைவுதான் ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த 'ஏலியன்'.

ஆண்டு வரிசை கேட்ட ஆசிரியர் இந்த இடத்தில் மறுபடி எழுந்து உட்கார்ந்தார். பந்தை முதலில் பார்த்துவிட்டு, அது வளர்ந்து, 'ஏலியன்' விலங்கை வடிவமைத்த ஓவியர் கீகரின் அந்தக் கரிய உருவமாவதைப் பார்ப்பதுதானே முறை என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மணிக்கு எங்களை இருக்கையிலிருந்து துள்ள வைத்த அந்த விலங்கின் மூதாதை ஒரு பந்துதான் என்பதை ஆறரை மணிக்குத் தெரிந்துகொள்வதில் ஒரு தனி விடுதலை இருக்கிறது. முதலிலேயே பந்தைக் காட்டியிருந்தால் 'ஏலியன்' ஓடும்போது ஒலிப்பதிவு நண்பர் நிச்சயம் பந்தைப் பற்றிக் கிசுகிசுத்திருப்பார். அந்தக் காட்சி எங்களுக்குக் கெட்டிருக்கும். தவிர, கடைசிப் படம் சிரிக்க வைப்பதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உறங்காத மனம் சிறு தூண்டுதலுக்கும் பொங்கும் நிலையில் இருக்கிறது. அதைச் சோகத்தின் பக்கம் தள்ளிவிட்டால் வெளியே வரும்போது யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். ஒரு குண்டின் அருகே விண்வெளியில் மிதந்தபடி ஒருவர், உனக்கு வந்த கட்டளை உண்மையானதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும் எனத் தத்துவம் பேசி அது வெடிப்பதைத் தள்ளிப்போடப் பார்க்கும் காட்சியில், எங்கள் வரிசை முழுவதும் கண்ணீர் வரும்வரை சிரித்தது. பகலில் பார்த்திருந்தால் புன்னகையோடு முடிந்திருக்கும்.

வெளியே வந்ததும் எங்களில் யாரும் வண்டி ஓட்டவில்லை. அதை முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக 1997-இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 24 மணி நேரத்தைத் தொடும்போது அது 0.10 சதவீதத்துக்கு இணையாகிறது. காலையில் எழுந்து வேலைக்குப் போய்விட்டு இரவு மாரத்தானுக்கு வருபவர் படம் முடியும்போது ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்பார். இரவு முழுதும் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த தோழி, தனக்கு இது வழக்கமான பணிநேரம்தான் என்று சொல்லிவிட்டு, ரயிலில் ஏறிய இரண்டாவது நிமிடமே தூங்கிப்போனார்.

அடுத்த முறை நாங்களே ஒருவர் வீட்டில் நடத்துவதாகத் தீர்மானித்திருக்கிறோம். பட்டியல் பாதி தயாராகிவிட்டது. 'பிரைமர்' (2004) வேண்டும் என்கிறார் ஆசிரியர். ஷேன் கர்ரூத் ஏழாயிரம் டாலர் அளவிலான செலவில் எடுத்த, 77 நிமிடமே ஓடும், காலப் பயணத்தின் முடிச்சுகளைத் தாளில் வரைந்து பார்த்தாலும் எளிதில் அவிழாத படம். அதை ஒன்பது மணிக்கு, எல்லாருடைய மூளையும் கூர்மையாக இருக்கும்போது, முதல் படமாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. எந்த நேரத்தில் பார்த்தாலும் புரியப்போவதில்லை என்பதால் அதைத்தான் பின்னிரவு மூன்று மணிக்கு வைக்க வேண்டும் என்று ஒலிப்பதிவு நண்பர் வாதாடுகிறார். தோழி இன்னும் யார் பக்கமும் சேரவில்லை. ஆசிரியர் அன்று பிற்பகல் தூங்கிவிட்டு வருவதாக எழுதிக் கொடுத்தால்தான் தன் வாக்கைச் சொல்வதாக அறிவித்திருக்கிறார்.